கோல் கம்பத்தடியில் ஒரு வளை

புல் ஓர் இடத்தில் மட்டும் தப்பாகப் படுத்திருந்தது.

சனிக்கிழமை காலை காபியும் கையுமாகச் சமையலறைக் கண்ணாடிக் கதவருகே நின்றபோதுதான் வெண்டல் அதைக் கவனித்தான். கொல்லையில் போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத பிளாஸ்டிக் புல். மகளுக்காகப் போட்ட குட்டிக் கால்பந்துத் திடல். இதழெல்லாம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தால்தான் பார்க்க அழகு என்று ஒப்பந்தக்காரன் அன்செல்மோவின் ஆட்கள் ஒவ்வொரு சுருளையும் ஒரே திசையில் விரித்து ஒட்டி, சுற்றிலும் ஆணி அடித்து, மணல் தூவி வாரிவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது கோல் கம்பத்தடியில், உள்ளங்கை அளவுக்கு, புல் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தது. வெண்டல் போய் விளக்குமாற்றால் வாரிவிட்டான். காபியைக் குடித்து முடிப்பதற்குள் திரும்பவும் சாய்ந்துவிட்டது, இந்த முறை தட்டு அளவுக்கு.

வேறு எந்த இடமாக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பான். அந்த இடமாகப் போயிற்றே.

அங்கேதான் ஜட்ஜின் வளை இருந்தது. ஜட்ஜ் என்பது மகள் டெஸா வளர்த்த பாலைவன ஆமை. எதைக் காட்டினாலும் தீர்ப்புச் சொல்வதுபோல மெல்லத் தலையை ஆட்டும், அதனால் அந்தப் பெயர். இந்த டூசான் ஊர்ப் பக்கத்து ஆமைகள் அக்டோபரில் மண்ணுக்குள் போனால் மார்ச்சில்தான் எழும். ஜனவரியில் வேலை தொடங்கிய அன்று, அன்செல்மோ வளையின் வாயருகே குந்தி உட்கார்ந்து கேட்டான்.

"சார், இதுக்குள்ள ஆமை கீமை தூங்குதா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. தோண்டி எடுக்க ஆள் வரணும், வேலை தள்ளிப்போகும். எங்களுக்கு அடுத்த தேதி ஏப்ரல்லதான்."

ஏப்ரல் வரை வெண்டலுக்குப் பொறுக்காது. விவாகரத்துக்குப் பிறகு டெஸா அம்மாவோடு வடக்கே மலை ஊருக்குப் போய்விட்டாள். மாதம் இரண்டு முறை வரச் சொன்னால், அங்கே வந்து நான் என்ன செய்ய என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவனைத் தூங்கவிடவில்லை. திடல் ஒன்று இருந்தால் ஓடி வருவாள். இல்லையென்றால் மகள் கைவிட்டுப் போய்விடுவாள்.

"காலிதான்," என்றான். "போன வருஷமே எங்கேயோ போயிடுச்சு."

வளைக்குள் ஜல்லித்தூளைக் கொட்டினார்கள். தரையை இடித்து இறுக்கும் இயந்திரம் மூன்று மணி நேரம் ஓடியது. அலமாரியில் கோப்பைகள் நடுங்கின. வெண்டல் உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான். வளைக்கு வாய் விட்டுத்தான் போட்டிருக்கிறோம், ஜட்ஜ் சுகமாகத் தூங்குகிறார் என்று அன்று மாலையே மகளிடம் போனில் சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவன் மறைத்தது ஓர் உயிரை. பனி, பரீட்சை என்று தள்ளிப்போய் இன்றுதான் டெஸா முதல் முறையாகத் திடலைப் பார்க்க வருகிறாள்.

அவன் மண்டியிட்டுப் புல்லில் காதை வைத்தான். வெயிலில் சூடேறத் தொடங்கிய பிளாஸ்டிக்கின் வாடை, அதற்கு அடியில், வாரக்கணக்காக ஒரு சொட்டு மழை காணாத அந்தக் கொல்லையில், இப்போதுதான் நனைந்ததுபோல் ஈர மண்ணின் வாசனை, பக்கத்து வீட்டு நீர்த்தெளிப்பானின் டிக் டிக், எங்கோ தூரத்தில் ஒரு லாரியின் உறுமல், இவையெல்லாம் ஒரு கணம் அடங்கியபோது அடியிலிருந்து பிறாண்டும் சத்தம் வந்தது. நான்கு முறை. ஓய்வு. மறுபடி நான்கு முறை.

பதினொரு மணிக்கு டெஸா காரிலிருந்து குதித்து இறங்கினாள். ஒன்பது வயது. கையில் ஒரு காகிதப் பை நிறையச் செம்பருத்தி. ஜட்ஜுக்கு அந்தப் பூ என்றால் உயிர். திடலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. உடனே கண்கள் மூலைக்குப் போயின.

"வளை எங்கப்பா?"

"வழியை மாத்திட்டோம் குட்டி. மதிலுக்கு அந்தப் பக்கமா வெளிய வரும்."

"நீ வழி சொன்னா நாமளே போய்ச் சேர மாட்டோம். ஆமை கேக்குமா?"

சிரித்தாள். பிறகு அவனையே பார்த்தபடி மெல்லத் தலையை ஆட்டினாள், இடமும் வலமுமாக. 

அவள் கோல் கம்பத்தடிக்குப் போய் மண்டியிட்டு மூன்று முறை தட்டினாள். டொக், டொக், டொக். ஜட்ஜை எழுப்ப அவள் எப்போதும் தட்டுவது அப்படித்தான். காதை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"உள்ளதான் இருக்கு. வழி தேடுது," என்றாள். "ஆனா நம்ம ஜட்ஜ் இவ்வளவு பெருசு இல்லையேப்பா."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இனி இந்த வீட்டுப் படியே மிதிக்க மாட்டாள். அவன் விழுங்கிவிட்டான்.

"பசிக்கும் உனக்கு. நான் சீஸ் வச்சு கேசடியா ரொட்டி போடறேன், நீ ஆடிட்டிரு."

அடுப்பில் சீஸ் உருகி வாசனை எழும்பியது. வெளியே பந்து மதிலில் மோதிக்கொண்டிருந்தது. தப். தப். சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அழுவாள். அழட்டும், பக்கத்தில் இருப்பேன். தப். தட்டை எடுத்து வைத்தான். தப்.

பிறகு சத்தம் இல்லை.

"டெஸா?"

 நீர்த்தெளிப்பானும் நின்றிருந்தது.

வெளியே வந்தான். உச்சி வெயில். பந்து நடுவில் கிடந்தது. கேட்டின் தாழ் உள்பக்கம் போட்டபடியே. மதில் அவனைவிட உயரம். கோல் கம்பத்தடியில் அவள் காலணிகள், பக்கம் பக்கமாக, ஒழுங்காக. அங்கே புல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இப்போது தட்டு அளவு இல்லை. ஒரு பிள்ளை படுத்தால் எவ்வளவு இடமோ, அவ்வளவு.

விளிம்பு முழுக்கத் தடவிப் பார்த்தான். ஓர் ஆணிகூடக் கிளம்பவில்லை. ஒட்டு ஒன்றும் விடவில்லை.

சமையலறைக் கத்தியோடு ஓடி வந்து புல்லைக் கிழித்தான். அடியில் ஜல்லித்தூள். ரோடு போலக் கெட்டியாக. இயந்திரத்தின் தடம்கூட அழியவில்லை. அதன்மேல் ஒரு செம்பருத்தி. வாடவில்லை.

"டெஸா, நான் பொய் சொன்னேன்மா. அது உள்ளதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் மூடினேன்."

டொக். டொக். டொக்.

கீழிருந்து.

கத்தி உடைந்தது. விரல்களால் பிறாண்டினான். நகம் பெயர்ந்தது. நான்கு முறை. மூச்சு வாங்கினான். மறுபடி நான்கு முறை. தூள்தான் வந்தது.

கையை எடுத்தான். பிறாண்டல் நிற்கவில்லை.

இரண்டு சத்தங்கள். ஒன்று கனமாக, நிதானமாக, கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று. சின்னது. அவசரமாக, அதற்கு ஈடுகொடுத்தபடி.