ஜூலியாவின் பாஸ்போட்

படத்துக் கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் றோசமலர் அதைக் கண்டாள். செத்துப்போன ஜூலியாவின் முடி காதோடு கத்தரித்த முடி. இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று தரம் துடைக்கிற படம், அவளுக்குத் தெரியாதா என்ன. இன்றைக்கு அந்த முடி சட்டைக் கொலரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் மாதத்து மத்தியானம். சிறோக்கோ காற்று மூன்று நாளாகப் பலெர்மோவை வறுத்தெடுத்துக்கொண்டிருக்க, மரச் சட்டங்களை இறுக்கி மூடிய அந்தப் பெரிய வீட்டில் மெழுகு போட்ட தரையின் மணமும், பூட்டிக் கிடக்கும் அலுமாரிகளிலிருந்து வரும் அந்துருண்டை மணமும், பூச்சாடியில் தண்ணீர் பழுதாகிப்போன மணமும் ஒன்றாய்க் கலந்து நெஞ்சுக்குள் போய்க் குந்திக்கொண்டன. படத்துக்கு முன்னால் இரவு பகலாக எரிகிற சின்னச் சிவப்பு மின்விளக்கு 'ம்ம்ம்' என்று மெல்லிய சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, துணியை மடித்துக்கொண்டு அவள் ஜூலியாவின் அறையைவிட்டு வெளியே வந்தாள். கதவை மட்டும் என்றுமில்லாமல் பூட்டினாள்.

வீட்டுக்காரர்கள் அமெரிக்காவில். இஞ்சினியரும் அவர் மனைவி சிஞ்ஞோராவும் ஐந்து கிழமைக்கு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, டென்வரில் தொடங்கி மலைகள், பூங்காக்கள், பிறகு பசிபிக் கடற்கரையோரமாகத் தெற்கே என்று சுற்றப் போயிருந்தார்கள். பயணம் அவர்களுடையதுகூட இல்லை, ஜூலியாவினது. எட்டு வயதில் காய்ச்சலில் போன அந்தப் பிள்ளைதான் சுவரில் தொங்கும் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் அந்தக் கோட்டைக் கீறி வைத்திருந்தது. மகளின் கோட்டில் ஒருதரம் போய்வந்தால்தான் மனம் ஆறும் என்று சிஞ்ஞோரா சொன்னாள். ஆனால் வெறும் பின்சீற்றைத் திரும்பிப் பார்க்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னாள்.

அதனால் அந்தச் சீற்றில் இப்போது றோசமலரின் மகள் றம்யா இருந்தாள்.

அமெரிக்கா மன்னார்ப் பிள்ளைக்கு விசா கொடுக்குமா? கொடுக்காது. ஆனால் ஜூலியாவின் பாஸ்போட் மேசை லாச்சிக்குள் அப்படியே கிடந்தது. பிள்ளை போனபிறகு அதை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. பாஸ்போட்டின்படி ஜூலியாவுக்கு இப்போது பத்து வயது, றம்யாவுக்கும் பத்து நடக்கிறது. இரண்டும் கருமுடி, ஒரே உயரம், வெயிலில் கறுத்த சிசிலிப் பிள்ளை என்றால் யார் கேட்கப்போகிறார்கள். சிஞ்ஞோரா கேட்டது கெஞ்சல் போலத்தான் இருந்தது. றோசமலரின் பெர்மெஸ்ஸோவை, இத்தாலியில் இருக்கிறதுக்கான அனுமதியை, புதுப்பிக்க சிஞ்ஞோரா கையெழுத்து வைக்கவேண்டிய தாள் பக்கத்திலேயே மேசையில் கிடந்தது. அது கெஞ்சவில்லை.

தாளுக்காக மட்டும் றோசமலர் சம்மதித்தாள் என்று சொன்னால் அது பொய். அவளுக்குப் பெருமையும் இருந்தது. கனடா, கனடா என்று ஆறு வருடமாக ஏஜென்சிக்காரன் பின்னால் திரிகிற சனம் இருக்க, தன் பிள்ளை பிளேனில் போய் அமெரிக்க மலை பார்க்கப்போகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேருக்குக் கேட்கத்தான் சொன்னாள். அடுத்தவர் பேரில் பயணம் போவதில் பாவம் ஏதும் இருப்பதாக அவளுக்குப் படவும் இல்லை. இன்னொருவரின் பாஸ்போட்டில் படத்தை உரித்துத் தங்கள் படத்தை ஒட்டி வந்தவர்கள்தானே பாதிப் பேர். தலைமாத்து என்று அதற்கு ஒரு பேரே வைத்திருந்தார்கள். றோசமலரே கத்தரீனா என்ற பேரில்தான் றோமில் வந்து இறங்கினாள். றம்யாவுக்குத் தலைகூட மாத்தத் தேவையில்லை, முடியைக் கத்தரித்தால் போதும்.

பலெர்மோவின் சீசாப் பகுதியில் அவளோடு ஒரே வீட்டில் இருக்கிற நாகபூசணி மட்டும்தான் முகம் சுளித்தவள்.

"செத்த பிள்ளையின்ர பேரையோ குடுத்தனி?"

"நாங்கள் எல்லாரும் ஆற்றையோ பேரிலைதானே அக்கா வந்தனாங்கள்."

"ஓம். உயிரோடை இருக்கிற ஆக்களின்ர பேரிலை."

எரிச்சலில் அதற்குப் பிறகு றோசமலர் அவளோடு கதைக்கவில்லை.

பயணத்துக்கு முந்தின ஒரு கிழமையும் பிள்ளையை இருத்திப் பழக்கினாள், ஏஜென்சிக்காரன் தன்னைப் பழக்கினது போலவே.

"உன்ர பேர் என்ன?"

"ஜூலியா."

"அம்மான்ர பேர்?"

பிள்ளை அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வாய் திறந்தது, மூடினது. மூன்றாம் நாளும் அதே கேள்வியில் தடக்குப்பட்டபோது, இடது கையின் உட்பக்கத்தில் நல்லாய்க் கிள்ளிவிட்டாள். ஊதா நிறத்தில் கண்டிப்போயிற்று.

"நித்திரையிலை ஆர் கூப்பிட்டாலும் அந்தப் பேருக்குத்தான் எழும்பவேணும். உன்ர பேரை மறந்துபோ. திரும்பி வந்தாப்பிறகு நான் தாறன்."

"சரி அம்மா," என்றது பிள்ளை.

றம்யாவின் கத்தரித்த பின்னலை மஞ்சள் ரிப்பனோடும் தேங்காய் எண்ணெய் வாசத்தோடும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, குசினிக்குப் பக்கத்து அறையில் தன் தலையணைக்குக் கீழே வைத்தாள். வீடு பார்க்க அவள் இப்போது அங்கேதான் படுக்கிறாள்.

முதல் தபாலட்டை பனிமலைப் படத்தோடு வந்தது. ஞாயிறு வகுப்பில் படித்த தமிழில் குண்டு குண்டாய் எழுதியிருந்தாள். 'அம்மா, இங்கை ஜூலையிலும் பனி கிடக்குது. எல்லாரும் என்னை ஜூலியா எண்டுதான் கூப்பிடினம், காருக்குள்ளையும். நான் சரியாச் சொல்லுறன். பின் சீற்றிலை நான் தனிய.' றோசமலர் அதை முத்தமிட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

இரண்டாவது அட்டையில் நிலத்திலிருந்து வெந்நீர் பீறிக்கொண்டு எழும் ஒரு பூங்கா. பாதி தமிழ், பாதி இத்தாலியன். காட்டெருமை கண்டதும் ஐஸ்கிறீம் சாப்பிட்டதும் இத்தாலியனில் இருந்தன. கடைசி வரி மட்டும் தமிழ். 'அம்மா, பின் சீற்றிலை இப்ப இடம் காணாது.'

சாமான் கூடிப்போச்சாக்கும் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைக்க விரும்பினாள்.

அந்தக் கிழமைதான் படத்தில் முடி கொலரைத் தொட்டது. மூன்று நாள் அந்த அறைப் பக்கம் போகாமல் இருந்தாள். நாலாம் நாள், பூவை மாற்றாவிட்டால் சிஞ்ஞோரா கேட்பாளே என்ற பயத்தில் மத்தியானம் பூட்டைத் திறந்தாள். அறைக்குள் அந்துருண்டை மணம் இல்லை. தேங்காய் எண்ணெய் மணந்தது. சிசிலிக்காரர் வீட்டில் அவளைத் தவிர யாரிடமும் இல்லாத மணம். படத்திலிருந்த பிள்ளையின் தோளில் ஒரு பின்னல் விழுந்து கிடந்தது. நுனியில் மஞ்சள் ரிப்பன்.

குசினி அறைக்கு ஓடினாள். தலையணையைத் தூக்கினாள். பை இருந்தது. முடிச்சு அவள் போட்ட முடிச்சுத்தான், அவிழவில்லை.

பைக்குள் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தபோது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பின்னால் கடல் இரைந்தது. பலெர்மோப் பக்கத்து ஸ்ஃபெர்ராகவால்லோக் கடல் மாதிரி இல்லை, ஏதோ பெரிய ஒன்று மூச்சு வாங்குகிற இரைச்சல். சிஞ்ஞோரா சிரித்துக்கொண்டு கதைத்தாள். இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சிரிப்பு.

"சிஞ்ஞோரா, றம்யாவிடம் கொடுங்கள்," என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டாள்.

"யாரிடம்?" என்றாள் சிஞ்ஞோரா. நடிப்பில்லை, கோபமில்லை. தெரியாத ஒன்றைக் கேட்கிற குரல்.

பிறகு ஒரு பிள்ளைக் குரல் 'புரோந்தோ' என்றது.

"றம்யா. அம்மா கதைக்கிறன்."

கடல் ஒருதரம் இரைந்தது. இன்னொருதரம் இரைந்தது. குரல் மரியாதையாக, சுத்தமான இத்தாலியனில் சொன்னது: "அம்மா இங்கே என் பக்கத்தில்தான் நிற்கிறாள்."

குவெஸ்தூராவுக்கு, பொலிசுக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? தாளின்படி றம்யா பலெர்மோவை விட்டு எங்கும் போகவில்லை. போனது ஜூலியா. செத்துப்போன பிள்ளையின் பாஸ்போட்டில் என் பிள்ளையை நானே அனுப்பினேன் என்று கள்ளப் பாஸ்போட்டில் வந்தவள் போய்ச் சொன்னால், முதலில் யாரைப் பிடித்து வைப்பார்கள்? பேரைக் கழற்றிக் கொடுத்தது சிஞ்ஞோரா இல்லை, கொலம்பஸ் கண்ட அமெரிக்காவும் இல்லை. தன் வாயால், தன் நகத்தால், ஒரு கிழமை முழுக்க இருந்து கழற்றியது அவள்தான். இதை நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை, வாயெல்லாம் கைத்தது.

மூன்றாவது அட்டையில் கடலும் பாறையும். தமிழ் ஓரெழுத்தும் இல்லை. எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஜூலியாவின் பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே சாய்வு. i எழுத்துக்கு மேலே அதே வட்டப் புள்ளி. ஒப்பம்: ஜூலியா.

அவள் பிறகு அறைக் கதவைப் பூட்டவில்லை. பூட்ட மனம் வரவில்லை. உள்ளே போய்ப் படத்துக்கு முன்னால் தரையில் இருந்தாள், ஒவ்வொரு மத்தியானமும். ஒரு நாள் காதில் தோடு வந்தது. மன்னாரிலிருந்து றம்யாவுக்கு அம்மம்மா கொடுத்துவிட்ட சின்னச் சிவப்புக்கல்லுத் தோடு. அடுத்த நாள் முன்பல்லில் றம்யாவின் ஓட்டை. அதற்கடுத்த நாள் இடது கையின் உட்பக்கம்.

ஊதா நிறத்தில்.

அவர்கள் ஆகஸ்ட் முப்பதாம் திகதி, நல்ல வெயிலில் வந்து இறங்கினார்கள். லிஃப்ட் ஏறி வருகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. சூட்கேசுகளுடன் இஞ்சினியர், பழைய அழகெல்லாம் திரும்பிவிட்ட சிஞ்ஞோரா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை.

முகம் றம்யாவின் முகம்தான். றோசமலர் முழங்காலில் விழுந்து அதை இரு கையாலும் பிடித்தாள். காதில் தோடு இல்லை. தோடு குத்திய துளையும் இல்லை. இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். கிள்ளிய தடம் இல்லை. தலையில் சவர்க்கார வாசம். பிள்ளை கையை இழுக்கவில்லை. வேலைக்காரியின் அன்பைப் பொறுத்துக்கொள்ளப் பழகின பிள்ளையாக நின்றது.

"உன்ர பேர் என்ன?" என்று றோசமலர் தமிழில் கேட்டாள்.

பிள்ளை விளங்காமல் சிஞ்ஞோராவை நிமிர்ந்து பார்த்தது. றோசமலர் இத்தாலியனில் கேட்டாள்.

"ஜூலியா."

"அம்மாவின் பேர்?"

தடக்கவில்லை. ஒரு கணம்கூடத் தடக்கவில்லை. சிஞ்ஞோராவின் பேரைப் பிள்ளை தெளிவாகச் சொன்னது, பழக்கினபடியே.

"பாவம், ரோசா," என்றாள் சிஞ்ஞோரா. உண்மையான இரக்கத்தோடு அவளுடைய தோளைத் தொட்டாள். "இன்னும் போய்விட்ட உன் மகளையே நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த அறையை நீயே வைத்துக்கொள். நானும் விளக்கை அணையவிடமாட்டேன்."

மேசையில் பெர்மெஸ்ஸோத் தாள் இருந்தது. சிஞ்ஞோராவின் கையெழுத்தும் இருந்தது.

குசினிப் பக்கம் போகிற வழியில் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே போனாள். சிவப்பு வெளிச்சம். எண்ணெய் வாசம். படத்தில் பின்னலும் தோடும் ஓட்டைப் பல்லுமாய் அவளுடைய பிள்ளை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, கேட்ட கேள்விக்கு மறுமொழி தேடிக்கொண்டு நிற்கிற வாய். வாய்க்கு நேரே கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, ஒரு நகத்தளவு.

முந்தானையால் துடைத்தாள். போகவில்லை.

கண்ணாடியின் உட்பக்கம்.

மெல்ல மறைந்தது. திரும்பப் படிந்தது. மறைந்தது. படிந்தது.