சத்தம் இல்லாத வண்டி

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் மெக்கானிக் அந்த வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். வராமல் இருக்க என்னென்னவோ சாக்கு யோசித்திருந்தான். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் வேலை தெரிந்தவன் நீ ஒருத்தன்தானே என்று சொல்லி மற்ற மெக்கானிக்குகள் எல்லோரும் அவனிடமே தள்ளிவிட்டார்கள்.

வீட்டுக்காரி அக்கா சாவியோடு பின்பக்க ஷெட்டுக்கு அழைத்துப் போனாள். ஷட்டரைத் தூக்கியதும், ஈரத்துணியை நாள்கணக்கில் பொத்தி வைத்தது போல ஒரு வாடை முகத்தில் அறைந்தது.

"ரெண்டு வருஷமா யாரும் தொடல தம்பி. வாங்குறவங்க நாளைக்கு வர்றாங்க. இது போனாத்தான் நானும் இந்த வீட்டை விட்டுப் போக முடியும்."

"பாக்குறேன்க்கா."

"பாரு. அவரை மாதிரியேதான் இதுவும். படுத்தா லேசுல எழுந்திரிக்காது." சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது.

அவள் கணவர் இந்த வண்டிக்குள்தான் செத்துக் கிடந்தார். தற்கொலை என்றது தெரு. அவளும் அப்படித்தான் நம்பினாள்.

மெக்கானிக்குக்கு மட்டும் வேறு விஷயம் தெரியும்.

அன்று அந்த மனிதர் போன் செய்திருந்தார். "ஷெட்டுலதான் இருக்கேன்ப்பா, இன்னைக்கு வண்டிலயே படுத்துக்கலாம்னு. பச்சை லைட் எரியுது, ஆனா சத்தமே இல்ல. ஆஃப் ஆயிடுச்சா?" வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தவன், தோளில் இடுக்கிய போனில் எரிந்து விழுந்தான். "சத்தம் இல்லன்னா ஆஃப்தான். நிம்மதியா தூங்குங்க."

பச்சை விளக்கு எரிந்தால் வண்டி ஆனில் இருக்கிறது என்று அர்த்தம். ஹைபிரிட் வண்டி உயிரோடு இருக்கும்போதும் ஊமையாகத்தான் இருக்கும். பெரிய பேட்டரி இறங்கியதும் இன்ஜின் தானாக எழுந்து ஓடும். மூடிய ஷெட்டில் புகைக்குப் போக வழியில்லை. அவனுக்குத் தெரியாத பாடமல்ல. அந்த ஒரு நிமிடம் அதை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

கதவைத் திறந்தான். டிரைவர் சீட் படுக்க வாகாக இன்னும் சாய்ந்தே இருந்தது. அதன் மீது கை படாமல் வேலையைத் தொடங்கினான். சின்ன பேட்டரி செத்திருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்த பேட்டரியின் கேபிளை மாட்டினான். விளக்குகள் முனகுவது போல எரிந்தன. பச்சை விளக்கு மட்டும் வரவில்லை. பின்சீட்டுக்குக் கீழே இருந்த பெரிய பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தான்.

சுத்தமாகப் போயிருந்தது.

ரப்பர் கையுறை போட்டு அதன் ஆரஞ்சு நிறப் பிளக்கை உருவி, வழக்கம்போலத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வேலை முடியும்வரை அது மெக்கானிக்கிடம்தான் இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்தக் கொம்பனாலும் இன்ஜினை எழுப்ப முடியாது.

"இன்னைக்கு ஆகாதுக்கா. காலையில வேற பேட்டரி கொண்டு வர்றேன்."

அவள் ஷெட் சாவியை முந்தானையில் முடிந்தாள். தூறல் தகரத்தில் விழும் ஓசை நெடுநேரம் கேட்டது.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்குச் சண்டையில, 'எங்கயாவது போய்த் தொலைங்க'ன்னு சொல்லிட்டேன். அதனாலதான் போயிட்டாரா? இல்ல, வண்டியில ஏதாவது கோளாறா?"

தொண்டை வரை வந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் இவள் பிழைப்பாள். அவன் பிழைப்பு?

"வண்டியில கோளாறு இல்லக்கா. எனக்கு வேறென்ன தெரியும்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால், வண்டிக்குள், பச்சை விளக்கு எரிந்தது.

மெக்கானிக் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். பிளக் இருந்தது.

சூடாக இருந்தது.

பாய்ந்து போய்க் கேபிளைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. மிச்ச மின்சாரமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கருவிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பியவன் வாசலில் திரும்பி, "ஷட்டரை இறக்கிடாதீங்கக்கா" என்றான். ஏன் என்று அவள் கேட்டிருந்தால் அப்போதாவது சொல்லியிருப்பானோ என்னவோ. அவள் கேட்கவில்லை.

பட்டறைக்கு வந்து, பிளக்கை எடுத்து மேசையில் வைத்தபோது போன் அடித்தது.

"தம்பி, நான்தான். மனசு கேக்கல. கடைசியா ஒரு தடவை அவர் சீட்டுல உக்காந்திருக்கேன். சாரல் அடிக்குதுன்னு ஷட்டரை இறக்கிட்டேன்." குரல் ஏற்கெனவே தூக்கத்தில் இருந்தது. "பச்சை லைட் எரியுது. ஆனா சத்தமே இல்ல. ஆஃப் ஆயிடுச்சா?"

இறங்குங்க என்று கத்த வாயைத் திறந்தான்.

நாக்கு அசையவில்லை.

அவனுக்கு முன்பே, போனுக்குள்ளிருந்து, எரிச்சலோடு ஒரு குரல் பதில் சொன்னது. அது அவனுடைய குரல்.

"சத்தம் இல்லன்னா ஆஃப்தான். நிம்மதியா தூங்குங்க."

"சரி தம்பி" என்றாள் அவள்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, அந்தப் பக்கம், மெல்லிய உறுமலோடு இன்ஜின் தானாக எழுந்தது.

மேசையில் ஆரஞ்சுப் பிளக் அதிரத் தொடங்கியது.