ஆறு கிராம் ஈஸ்ட்

ஞாயிறு பிற்பகல் ஃபிரிட்ஜைத் திறந்த கஜந்தி, ஈஸ்ட் பொட்டலம் உப்பிக் கிடப்பதைக் கண்டாள்.

போன வாரம் வீட்டில் காய்ச்சிய ஐந்து லீற்றர் பியருக்குப் பாதியைத் தூவிவிட்டு, மீதி ஆறு கிராமைக் காற்றுப் போகப் பிதுக்கி, வாயை மூன்று மடிப்பு மடித்து, ஒட்டுநாடா சுற்றி அவள்தான் உள்ளே வைத்தாள். உலர்ந்த ஈஸ்ட் குளிரில் உறங்கும். ஈரமும் இனிப்பும் படாமல் எழும்பாது. இதுவோ தலையணைபோலப் புடைத்து, உள்ளங்கையில் எடுத்தபோது காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிபோலச் சுட்டது.

கத்தரிக்கோல் முனையால் குத்தினாள். நீளமான ஒரு மூச்சு வெளியேறியது. புளித்த மாவின் வாசம். அதற்கடியில், தூங்கி எழும்பிய வாயின் வாசம்.

ஸ்டுட்கார்ட்டின் இந்த இரண்டறை வீட்டுக்கு அவள் தனியாக வந்து இரண்டு மாதம்தான். “பொம்பிளை பியர் காய்ச்சுறதோ?” என்று அவளுடைய போத்தல்களை உடைத்த கணவனை விட்டுவிட்டு வந்தவள். ஒரு பொட்டலத்துக்கா பயப்படுவாள்? தூளைக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் கொட்டி, இறுக மூடி, திரும்ப உள்ளே வைத்தாள்.

அரைமணி நேரத்தில் போத்தலின் உட்புறம் முழுக்க ஆவி படிந்திருந்தது.

தங்கை தேனுஜாவுக்குப் போன் எடுத்தாள்.

“அக்கா, அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு உடன இங்கை வாங்கோ. எனக்குக் கேக்கவே பயமாக் கிடக்கு.”

“எறியிறன். ஆனா வரமாட்டன்.”

“ஏன் இந்தப் பிடிவாதம்?”

“ஒருக்கா வீட்டை விட்டு ஓடி வந்திட்டன், தேனுஜா. இனி ஏலாது. இது என்ரை வீடு.”

போனை வைத்துவிட்டுப் போத்தலைத் தராசில் ஏற்றினாள். போத்தலின் எடையைக் கழித்தால் ஆறு கிராம் காட்டவேண்டும். காட்டியது. பிறகு ஒன்பது. ஆறு. ஒன்பது. ஆறு. இலக்கங்கள் அவசரமில்லாமல் ஏறி இறங்கின. தன் நெஞ்சும் அதே கணக்கில் ஏறி இறங்குவதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

மூச்சைப் பிடித்தாள்.

ஒன்பதில் நின்றது.

விட்டாள். ஆறு.

“சரி,” என்றாள் சத்தமாக. “ஆர் பெரிசெண்டு பாப்பம்.”

கேத்திலில் தண்ணீர் கொதித்தது. போத்தல் மூடியைத் திருகித் திறந்து, கொதிநீரை விளிம்புவரை ஊற்றினாள். தூள் ஒருமுறை துள்ளி எழுந்தது. நுரைத்தது. அடங்கியது. வெந்த மணம். தராசின் இலக்கம் இப்போது ஏறி இறங்கவில்லை. சேற்று நிறத் தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டி, குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.

செத்தது.

சிரிப்பு வந்தது. சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

மெல்லப் புடைத்து அவளை முன்னே தள்ளியது. பின்வாங்கியது. எதிர்ச் சுவரும். கூரையும். கதவு நான்கு எட்டில்தான் இருந்தது, திறந்தபடி. கஜந்தி அதைப் பார்த்தாள். பிறகு குதிக்கால்களைத் தரையில் ஊன்றி, முழுப் பாரத்தோடும் முதுகால் சுவரை அழுத்தினாள்.

“போகமாட்டன்.”

சுவர் மறுபடி புடைத்தது. தோள்களைச் சுற்றிக்கொண்டு, மிருதுவாக, கழுத்துவரை. இந்த முறை அது பின்வாங்கவில்லை.