மூரிட்ஸ் மாவட்டத்துக் கடிதம்

அனு கொண்டுவந்த உறையில் தபால் தலை இல்லை. துப்பறியும் லோகாம்பாள் முதலில் கவனித்தது அதைத்தான்.

ஐயம்பேட்டையைச் சேர்ந்த செவிலி அனு. வட ஜெர்மனியில், ஏரிகள் நிறைந்த ஒரு கிராமப்புற மாவட்டத்து மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கதவிடுக்கில் கிடந்த அந்தக் கடிதமோ, ‘மூரிட்ஸ் மாவட்ட நிர்வாகம்’ என்ற தலைப்பில், ஜெர்மன் மொழியில், இடம் நிரம்பிவிட்டது, வர வேண்டாம் என்றது.

“டிக்கெட்டையே கேன்சல் பண்ண இருந்தேம்மா. ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டா, நாங்க எழுதவே இல்லைன்றாங்க. இது எங்க வார்டு நர்ஸ் காவேரி வேலைதான், வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். லிஸ்ட்ல எனக்கு அடுத்து அவதான் காத்துக்கினு இருக்கிறா. நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன்.”

“இப்பவே போய்ப் புடிச்சிடலாம் மேடம்!” என்று எழுந்தார் உதவியாளர் ஜான்சன்.

“உக்காருங்க. கேஸ் ஆச்சுன்னா அந்தப் பொண்ணு எந்த நாட்டுக்கும் போக முடியாது.” லோகாம்பாள் அனுவிடம் திரும்பினார். “இங்க வேற யாருக்கு ஜெர்மன் தெரியும்?”

“எங்க வீட்டுக்காரருக்கு. அவரும் நர்ஸுதான். ரெண்டு தபா பரீட்சை எழுதினாரு, தேறல.”

அன்று மாலை அனுவின் வீட்டில், காவேரியிடமும் கணவன் தேவேந்திரனிடமும் லோகாம்பாள் ஒரே கேள்வி கேட்டார்: “அனு போற மாவட்டத்துக்குத் தலைநகர் எது?”

“நொய்பிராண்டன்பர்க்,” என்றாள் காவேரி, கைப்பேசியைப் பார்த்து.

“தப்பு. வாரென்!” தேவேந்திரன் பழைய புத்தகம் ஒன்றை எடுத்து வரைபடத்தை விரித்தான். “இதோ மூரிட்ஸ் ஏரி. நம்ம தென்னேரி ஏரி மாதிரி எத்தனையோ மடங்கு. ஊரு அதன் கரையிலயே இருக்குது.”

லோகாம்பாள் முதல் பக்கத்தைப் புரட்டினார். அச்சான ஆண்டு 1999.

“காஞ்சிபுரத்திலேர்ந்து செங்கல்பட்டைப் பிரிச்சாங்க இல்ல? அங்க சேர்த்துட்டாங்க. 2011லயே மூரிட்ஸ் மாவட்டம் பக்கத்து மாவட்டங்களோட கலந்துடுச்சு. இப்போ தலைநகர் காவேரி சொன்ன நொய்பிராண்டன்பர்க்தான். இல்லாத மாவட்டத்துக்கு ஏது நிர்வாகம்? காவேரி எழுதியிருந்தா புதுப் பேரை எழுதியிருப்பா. தபால் தலை இல்லாததால எழுதினவர் உள்ளூர்தான். பழைய பேரை நம்பினவர் நீங்க ஒருத்தர்தான், தம்பி.”

தேவேந்திரன் புத்தகத்தை மூடினான்.

“இந்தப் புத்தகத்துல அந்த ஏரியை மொதல்ல கண்டுபிடிச்சது நானு. இவளுக்குச் சொல்லிக் குடுத்ததும் நானு. இவ அந்த ஊர் பேரைச் சொல்ற போதெல்லாம் என் பொருளை எடுத்துக்கினு போற மாதிரி வயிறு எரிஞ்சுது.”

அனு அவனைப் பார்க்கவில்லை. காவேரியின் கையைப் பிடித்தாள்.

“வார்டுல எல்லார்கிட்டயும் உன் பேரைக் கெடுத்துட்டேன்டி. நாளைக்கு அதே வார்டுல, அது நீ எழுதினது இல்லைன்னு நானே சொல்றேன்.”

காவேரி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“வியாழக்கிழமை ஏர்போர்ட்டுக்கு நான் வரட்டுமா?” என்றான் தேவேந்திரன் மெல்ல.

“வேணாம்,” என்றாள் அனு. “காவேரி வந்தா வரட்டும்.”