சுடாத துப்பாக்கியில் கரி

திங்கட்கிழமை காலை வெர்லின் ஸ்டோக்ஸ் ரிவால்வரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உருளையைத் திறந்தபோது, தோட்டா போடும் ஐந்து குழிகளில் ஒன்றின் வாயைச் சுற்றி மெல்லிய கரி வளையம் இருந்தது. யாரோ பென்சிலால் வட்டம் போட்டதுபோல.

சனிக்கிழமை அது அங்கே இல்லை. அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கெஸ்லர் என்கிற விதவை தன் கணவரின் பொருட்களை விற்ற வீட்டில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதை வாங்கினார். குட்டைக் குழல், எவர்சில்வர் உடம்பு, ஐம்பது வருடப் பழசு, கடையில் கொடுத்த அட்டைப்பெட்டியும் காகிதமும் அப்படியே. அவரிடம் குட்டைக் குழல் ரிவால்வர்கள் பதினொன்று இருந்தன. ஆனால் ஒருமுறைகூடச் சுடப்படாதது என்று அவற்றில் ஒன்றுகூட இல்லை. பழைய துப்பாக்கி சேர்ப்பவர்கள் முதலில் தேடுவது அந்தக் கரியைத்தான். ஒரே ஒரு தோட்டா வெடித்தாலும் எவர்சில்வர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணெய்த் துணியால் துடைத்து, நிலவறையிலிருந்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவி ஒன்றுதான். அது எப்போதும் அவர் கழுத்துச் சங்கிலியில் கிடக்கும். வீட்டில் தோட்டா வைக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு வளையங்கள். துடைத்த வளையமும் திரும்பி வந்திருந்தது, பக்கத்தில் புதிதாக இன்னொன்றும்.

பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் மனைவி ரோவீனா காலை ஏழுக்குக் கிளம்பினால் மூன்றுக்குத்தான் திரும்புவாள். அதுவரை அந்த வீட்டில் வெர்லின் மட்டும்தான். ஓய்வுபெற்ற இரண்டு வருடங்களில் அந்தத் தனிமை அவருக்குப் பழகிப் பிடித்தும் போயிருந்தது. இப்போது அதே வீட்டில் உட்கார்ந்து, வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் முனகுவதையும், கூரையிலிருந்து பனிக்கட்டி நழுவிப் பொத்தென்று விழுவதையும், மாடியில் பலகை ஒன்று யாரோ பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றியதுபோல முனகி அடங்குவதையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நடுப்பகலில் ஒரு வாசனை வந்தது. அணைத்த தீக்குச்சியும் சூடான இரும்பும் கலந்த வாசனை. வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை.

புதன்கிழமை மூன்று. அவர் கெஸ்லர் அம்மாவுக்குப் போன் செய்தார். குறை சொல்வதற்காக இல்லை, அவர் கணவர் அதை எப்போதாவது சுட்டதுண்டா என்று கேட்கத்தான் என்றார். சுட்டதே இல்லை என்றுதான் அவர் கடைசிவரை சத்தியம் செய்தார் என்று அந்த அம்மாள் சொன்னாள். பிறகு, "உங்க வீட்ல எத்தனை பேருங்க?" என்று கேட்டாள்.

"நானும் என் மனைவியும். ரெண்டே பேர்."

"எண்ணிப் பாத்துக்கோங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை ரோவீனா தன் பழுப்பு கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள்.

"பூச்சி அரிச்சிருக்கு பாரு. போன குளிர்காலம்தானே வாங்கினேன். இவ்ளோ அழகா வட்டமா அரிக்கிற பூச்சியை நான் பாத்ததே இல்ல."

முதுகில், இடது தோளுக்குக் கீழே ஒரு ஓட்டை. வெர்லின் சுண்டுவிரலை நுழைத்தார். சரியாகப் போனது. ஓரம் மொறமொறவென்று கருகியிருந்தது. அவள் குளிக்கப் போனதும் துணி அலமாரியைத் திறந்தார். நீல ரவிக்கையில் ஒன்று. தேவாலயத்துக்கு உடுத்தும் உடையில் ஒன்று. அதே இடம். முதுகு, இடது பக்கம்.

அவளிடம் சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை. பகலில் இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? சாவி யார் கழுத்தில் இருக்கிறது? என்ன சொன்னாலும் அது குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலத்தான் இருக்கும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. தான் செய்யவில்லை என்று அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விளக்கணைத்த பிறகு தன் கைகளை முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது.

வியாழக்கிழமை நான்கு. துப்பாக்கியை அட்டைப்பெட்டியோடு அப்படியே எடுத்துக்கொண்டு, சரிவுக்குக் கீழே துப்பாக்கி பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஆர்லோவிடம் போனார். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன்.

ஆர்லோ உருளையை முகர்ந்தான். "இதைப் போய் சுடாததுன்னு உன் தலையில கட்டிட்டாங்களா? சூடு ஆறி ஒரு நாள்கூட ஆகலைடா."

கொஞ்ச நாள் உன்னிடமே இருக்கட்டும் என்றார் வெர்லின். ஏன் என்று ஆர்லோ கேட்டதற்கு, வீட்டு இரும்புப் பெட்டியின் பூட்டு சரியில்லை என்று மழுப்பினார். நீயே வந்து கேட்கிற வரைக்கும் இங்கேதான் இருக்கும் என்று ஆர்லோ சிரித்தான்.

அன்றிரவு கொட்டத் தொடங்கிய பனி விடிந்தும் விடவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை என்று ரேடியோவில் சொன்னார்கள். இருவரும் சேர்ந்து வாசல் பனியை வாரித் தள்ளினார்கள். அவள் ஒரு கவளப் பனியை அவர் சட்டைக் காலருக்குள் போட்டாள். கிழவனுக்கு இன்னும் கூச்சம் போகவில்லை என்று கேலி செய்தாள். ஐந்து நாளில் முதன்முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார். துப்பாக்கி வீட்டில் இல்லை. காலையிலிருந்து இருவரும் ஒருவரைவிட்டு ஒருவர் பத்தடி தள்ளிக்கூடப் போகவில்லை. பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் சாப்பிட்டார்கள். ஈரத்துணியை மாற்ற அவள் மாடிக்குப் போனாள். அவர் பாத்திரங்களைக் கழுவினார்.

போன் அடித்தது. ஆர்லோ.

"என்னடா, என்மேல ஏதாவது கோவமா?"

"எதுக்கு?"

"வந்தே, கையை நீட்டினே, துப்பாக்கியை வாங்கிட்டுப் போயிட்டே. ஒரு வார்த்தை பேசலை. தோட்டா வேணுமான்னு கேட்டா ஒத்தை விரலைக் காட்டுறே. ஒரு டப்பாவா வாங்கிக்கோன்னா வேண்டாம்னு தலையை ஆட்டுறே. இந்தப் பனில நடந்தே வேற போறே."

வெர்லினின் கையிலிருந்து சோப்பு நுரை சொட்டியது.

"எப்போ, ஆர்லோ?"

"இப்பத்தான். கால் மணி நேரம் இருக்கும். ஏன்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஆர்லோவின் கடையிலிருந்து வீட்டுக்கு நடை பத்து நிமிடம்.

போனைக் கீழே வைத்தாரா, கை நழுவியதா, தெரியவில்லை. கூடத்துக்கு வந்தார். முன்கதவு சாத்தியிருந்தது. அதன் கீழே, கால்மிதியில், வரிவரியாகப் பனி. படிக்கட்டின் முதல் படியில் ஈரம். இரண்டாவதில். மூன்றாவதில். பூட்ஸ் தடம். அவர் அளவுதான்.

அவர் வெறும் காலுறையோடு நின்றிருந்தார்.

மாடியில் பலகை முனகியது.

"ரோவீனா." குரல் காற்றாகத்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டார். இந்த முறை வீடே கேட்கும்படி. "ரோவீனா, கீழ வா. உடனே வா."

மேலே அவள் பேசினாள். அவரிடம் இல்லை. அறைக்குள்ளே, பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் பேசும் தணிந்த குரலில்.

"கேட்டியா வெர்லின்? கீழ யாரோ கூப்பிடுறாங்க. அப்படியே உன் குரல் மாதிரியே இருக்கு."

ஓடவேண்டும். பதின்மூன்று படிகள்தான். கைப்பிடியைப் பற்றினார். நுரையில் வழுக்கியது.

"ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிறே? சரி, அங்கயே நிக்காதே. இந்த ஜிப்பைப் போட்டு விடு." துணி உரசும் சத்தம். அவள் திரும்பி நிற்கிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு. "அய்யோ, உன் கை எவ்ளோ சில்லுனு இருக்கு."

படிக்கட்டின் உச்சியில் படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதன் விளிம்பில் உள்ளேயிருந்து நான்கு விரல்கள் வந்து பதிந்தன. தடித்த கணுக்கள். திருமண மோதிரம். வெர்லினின் கை.

அது கதவை மெதுவாகச் சாத்தியது.