பேய் யாரைப் பார்த்துச் சிரித்தது?

ரெங்கானிஸின் அப்பா ஒரு பேய்.

ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களும் மட்டும்தான். மற்ற நாட்களில் கிடைத்த வேலையைச் செய்கிற சாதாரண அப்பா. ஞாயிறு வந்தால், பாண்டுங் நகரத்தின் பழைய கடைவீதியில் போய் நிற்பார். உடம்பு முழுக்க வெள்ளைத் துணி. தலைக்கு மேலே குடுமி மாதிரி ஒரு முடிச்சு. முகத்தில் வெள்ளை மாவு, கண்ணைச் சுற்றிக் கருப்பு மை. காலையும் சேர்த்துக் கட்டியிருப்பதால் தத்தித் தத்திக் குதித்துத்தான் வர முடியும். அந்தப் பேய்க்குப் போச்சோங் என்று பெயர்.

ஜனங்கள் அலறுவார்கள். பிறகு சிரிப்பார்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் டப்பாவில் ஏதாவது போட்டுவிட்டுப் போவார்கள்.

வீட்டில் இது ரகசியமே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கண்ணாடி முன்னால் நின்று உறுமிப் பார்ப்பார்.

"கானிஸ், பயமா இருக்கா?"

"இல்லப்பா. சளி பிடிச்ச பூனை மாதிரி இருக்கு."

"இப்ப?"

"இப்ப பூனைக்குச் சளி கொஞ்சம் அதிகமாயிருச்சு."

ஆனால் புகைப்பட வகுப்பில் அது ரகசியம்.

வகுப்பு ஞாயிறுதோறும் பேட்டை நூலகத்தின் மாடியில் நடந்தது. சொல்லிக்கொடுப்பது ரிஸ்மா அக்கா. இரண்டு பேருக்கு ஒரு கேமரா. ரெங்கானிஸுக்கு ஜோடியாக வாய்த்தவன் வில்டான். பட்டனில் விரலை வைத்தால் எடுக்கவே மாட்டான். சடசடவென்று ஏழெட்டுப் படம் விழுந்துவிடும்.

முதல் நாள் எல்லோரும் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். "எங்க அப்பா பல் டாக்டர்" என்றான் நபில். வில்டானின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார்.

ரெங்கானிஸின் முறை வந்தது. "எங்க அப்பா சுற்றுலாத் துறையில இருக்காரு" என்றாள்.

"கைடா?" என்று கேட்டான் நபில்.

ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத ஒரு மாதிரி அவள் தலையை ஆட்டினாள். எல்லோரும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறு, வகுப்பே சேர்ந்து வெளியே படம் எடுக்கப் போவதாக இருந்தது. மலைப்பக்கம் இருக்கும் காட்டுப் பூங்காவுக்கு. ரெங்கானிஸ் ஷூவைப் பளபளவென்று துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பி வந்தாள்.

"பிள்ளைங்களா, பூங்காவுல ஒரே சேறாம். நேத்து பெஞ்ச மழை அப்படி" என்றாள் ரிஸ்மா அக்கா. "அதனால இன்னிக்குப் பழைய கடைவீதிக்குப் போறோம்."

எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். ரெங்கானிஸ் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு வயிறு வலிக்குது. நான் வீட்டுக்குப் போறேன்."

"காலையில சாப்பிட்டியா?"

"இல்ல."

"அப்ப அது வலி இல்ல, பசி" என்று சொல்லி, ரிஸ்மா அக்கா தன் பையிலிருந்து ஒரு வாழைக்காய் பஜ்ஜியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

கடைவீதியில் இறங்கியதும் அக்கா வேலையைச் சொன்னாள். "ஏதாவது வேலை செய்யுற ஒருத்தரைப் படம் எடுங்க. ஆனா கேட்டுட்டுத்தான் எடுக்கணும். திருட்டுத்தனமா எடுக்கக் கூடாது."

ரெங்கானிஸ் தொப்பியைப் புருவம் வரை இறக்கிக்கொண்டாள். அப்பா இன்று வந்திருக்கக் கூடாது. வந்திருந்தாலும் டீ குடிக்கப் போயிருக்க வேண்டும்.

"கானிஸ்! அங்க பாரு, போச்சோங்!" என்று கத்தினான் வில்டான்.

அப்பா டீ குடிக்கப் போகவில்லை.

"பேயெல்லாம் எதுக்கு? அந்தப் பூக்காரம்மாவை எடுக்கலாம் வா."

"பூக்காரம்மா குதிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு வில்டான் ஓடியே போனான். "அண்ணே! படம் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ தம்பி" என்ற குரல் கேட்டது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

அவள் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். எதிரே நபிலும் இன்னும் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள்.

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்றான் நபில், பேயைப் பார்த்து. "எங்க அப்பா மட்டும் இப்படி நின்னா நான் வீட்டை விட்டே ஓடிருவேன். நீ என்ன பண்ணுவ கானிஸ்?"

மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவளுக்கு எங்கே உண்மை முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதோ என்று பயமாகிவிட்டது. தேவைக்கு மேலேயே சத்தமாகச் சொன்னாள்:

"நானா? எனக்கு இப்படி ஒரு அப்பா இருந்தா, எனக்கு அப்பாவே இல்லன்னு சொல்லிருவேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முதுகுக்குப் பின்னால் வில்டானின் கேமரா சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவின் காதோரம் கொஞ்சம் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. ரெங்கானிஸ் தட்டை மட்டுமே பார்த்துச் சாப்பிட்டாள்.

"இன்னிக்கு எங்கம்மா கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேட்டார் அப்பா.

"காட்டுப் பூங்காவுக்கு."

"சேத்துலயா நடந்த?" என்றாள் அம்மா. "ஷூ பளபளன்னு இருக்கே!"

ரெங்கானிஸ் அவசரமாக ஒரு வாய்ச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"கழுவியிருப்பா. பொறுப்பான பொண்ணு" என்றார் அப்பா. பிறகு அவள் தட்டில் இன்னொரு துண்டு டெம்பே, அந்த சோயா வறுவலை, வைத்தார்.

அப்பா பார்க்கவில்லை என்று அவள் முடிவு செய்துகொண்டாள். காதை மூடித் துணி கட்டியிருந்தாரே, எப்படிக் கேட்டிருக்கும்? தொப்பி வேறு போட்டிருந்தோமே, எப்படி அடையாளம் தெரிந்திருக்கும்? அப்படி நினைத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் வாரம் முழுக்க அப்பா எதிரே வரும்போதெல்லாம் அவளுக்கு அவசரமாக வேறு அறையில் ஏதோ ஒரு வேலை வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கண்ணாடி முன்னால் நிற்கவில்லை. உறுமவில்லை. "பயமா இருக்கா?" என்று கேட்கவில்லை. வெள்ளைத் துணியைச் சின்னதாக மடித்து, பையின் அடியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் ரெங்கானிஸ்.

மறுநாள் வகுப்பில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ரிஸ்மா அக்கா சுவரில் படங்களைக் காட்டினாள். நபில் எடுத்த பழக்காரரின் படத்தில் பழம் இருந்தது, பழக்காரரின் தலையைக் காணோம். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

"அடுத்தது வில்டான், ரெங்கானிஸ்."

சுவர் முழுக்க அப்பா வந்து நின்றார்.

நின்றார் என்று சொல்ல முடியாது. தரையிலிருந்து ஒரு முழம் மேலே, அந்தரத்தில் இருந்தார். இரண்டு காலும் சேர்ந்து காற்றில் குதித்துக்கொண்டிருந்தன. வாய் காது வரைக்கும் விரிந்திருந்தது.

"ஹையோ, பேய் சிரிக்குது!" என்றது ஒரு குரல்.

"பேய்க்கு லாட்டரி விழுந்திருக்கு!"

"கொஞ்சம் இருங்க" என்றாள் ரிஸ்மா அக்கா. அவள் சிரிக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "ரொம்ப அருமையான படம் வில்டான். ஆனா இவரு கேமராவைப் பார்க்கலையே. யாரைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம்?"

"தெரியலக்கா. எனக்குப் பின்னாடி யாரையோ பார்த்தாரு" என்றான் வில்டான். "விரலை எடுக்க மறந்துட்டேன். இன்னும் ரெண்டு மூணு இருக்கு."

அடுத்த படம் வந்தது. பேய் தரையில் இறங்கியிருந்தது. வாயில் சிரிப்பு பாதி இருந்தது. கண்ணில் இல்லை.

அதற்கடுத்த படம். பேய் தலையைக் குனிந்து, உடம்பை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த கடைக் கண்ணாடியில், மங்கலாக, ஒரு தொப்பியின் பின்பக்கம் தெரிந்தது.



"பாவம்" என்றாள் ஒரு பெண் மெதுவாக. "யாரோ தெரிஞ்சவங்கன்னு நெனச்சிருக்காரு. அப்புறம்தான் ஆள் வேறன்னு தெரிஞ்சிருக்கு."

ரெங்கானிஸின் காது இரண்டும் கொதித்தன. அப்பா பார்த்திருக்கிறார். கேட்டும் இருக்கிறார். வீட்டுக்கு வந்து, எங்கே போனாய் என்று ஒன்றுமே தெரியாதவர் மாதிரி கேட்டிருக்கிறார். அவள் பொய் சொன்னபோது, அந்தப் பொய் விழுந்துவிடாமல் அவரே தாங்கியும் பிடித்திருக்கிறார். டெம்பே வறுவல் வைத்திருக்கிறார்.

அந்த இருட்டில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் அடுத்த படம் வந்துவிடும்.

"ஆள் வேற இல்ல" என்றாள் ரெங்கானிஸ்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவரு என்னைத்தான் பார்த்தாரு. அவரு எங்க அப்பா." நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னாள். "அவரு கைடு இல்ல. போச்சோங். நான் சொன்னது அவருக்குக் கேட்டுருச்சு."

நபில் தன் கேமராவின் வாரை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். "நான்தான் மொதல்ல ஆரம்பிச்சேன்" என்றான். "எனக்குத் தெரியாது கானிஸ்."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?" என்றாள் அவள்.



"அக்கா, நான் இப்பவே கடைவீதிக்குப் போகணும். கேமரா தருவீங்களா?"

ரிஸ்மா அக்கா கேமராவை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினாள். "அஞ்சு மணிக்கு நூலகத்தைப் பூட்டிருவேன். அதுக்குள்ள வந்துரு. வில்டான், கூடப் போ."

ஆங்கோட் என்கிற ஷேர் வண்டியில் போகும்போது வில்டான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "வீட்லயும் அப்படிக் குதிப்பாரா?"

"இல்ல. வீட்ல நடப்பாரு."

"ஓ" என்றான் வில்டான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கடைவீதியில் நல்ல கூட்டம். படம் எடுத்துக்கொள்ள நாலைந்து பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். அப்பா உறுமிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வந்த வில்டானையும் பார்த்தார்.

உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரெங்கானிஸ் நேரே போய் அவர் முன்னால் நின்றாள். அப்பா அவளை யாரோ மாதிரிப் பார்த்து, பேய்க் குரலில், "படம் வேணுமா பாப்பா? வரிசையில வா" என்றார்.

ரெங்கானிஸுக்குப் புரிந்துவிட்டது. அவளைக் காப்பாற்றத்தான் அப்பா அவளைத் தெரியாதவர் மாதிரி நடிக்கிறார்.

"அப்பா!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் கூப்பிட்டாள்.

"மெதுவா" என்றார் அப்பா உதடு அசையாமல். "உன் கூட்டாளி நிக்கிறான்."

"நிக்கட்டும். வில்டான், இதுதான் எங்க அப்பா. அப்பா, இவன் வில்டான்."

"வணக்கம் அங்கிள்" என்றான் வில்டான். "போன வாரம் அண்ணேன்னு கூப்பிட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க."

"அப்பா, அன்னிக்கு நாங்க பூங்காவுக்குப் போகல."

"தெரியும்மா."

"நான் சொன்னது..."

"அதுவும் தெரியும்." அப்பா குனிந்து, அவள் உயரத்துக்கு வரப் பார்த்தார். கால் கட்டியிருந்ததால் அரைகுறையாகத்தான் குனிய முடிந்தது. "எனக்கும் ஆரம்பத்துல வெக்கமாத்தான் இருந்துச்சு. மொதல் நாள் முழுக்க ஒரு தூணுக்குப் பின்னாடியே நின்னேன். ஒரு ஆளைக்கூட பயமுறுத்தல."

"மன்னிச்சிருங்கப்பா" என்று சொல்லி, அவள் அந்தத் துணி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கைக்கு எட்டிய மட்டும்.

வரிசையில் நின்ற ஒரு பொடியன் தன் அம்மாவின் கையை இழுத்தான். "அம்மா, இந்தப் பேய் வேணாம். இது அழுவுது. வேற பேய்கிட்ட போலாம்."

அப்பாவின் கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது.

"உங்களை ஒரு படம் எடுக்கட்டுமாப்பா?" என்று கேட்டாள் ரெங்கானிஸ்.

"எடுத்துக்கோ" என்றார் அப்பா.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே ஒரு தடவை பட்டனை அழுத்தினாள்.

நேரம் பறந்துவிட்டது. "நீங்களும் நூலகத்துக்கு வாங்கப்பா, உங்களை அக்காவுக்குக் காட்டணும்" என்றாள் ரெங்கானிஸ். ஆங்கோட் வண்டி எதிரே வந்து நின்றது, வில்டான் முதல் ஆளாக ஏறிக்கொண்டான். அப்பா துணியை அவிழ்த்துப் பையில் திணித்தார். "இருங்க, குழாய்ல மூஞ்சியைக் கழுவிட்டு வந்துர்றேன்."

"நேரமில்லப்பா, அஞ்சு மணிக்கு அக்கா பூட்டிருவாங்க. அப்படியே வாங்க."

"இந்த மூஞ்சியோடயா? உன்கூடவா?"

"ஏறுங்கப்பா."

வண்டிக்குள் அப்பா தலையை நீட்டியதும் ஒரு கைக்குழந்தை வீலென்று கத்தியது. ஆட்கள் எல்லோரும் எதிர்ப் பக்கமாக நெருக்கி நகர்ந்தார்கள். அப்பா உட்கார்ந்த பெஞ்சு முழுக்கக் காலியாகிவிட்டது. காய்கறிப் பையோடு இருந்த ஒரு அம்மா ரெங்கானிஸின் காதருகே குனிந்து கேட்டாள். "ஏம்மா, யாரு இந்த ஆளு? உனக்குத் தெரிஞ்சவரா?"

"எங்க அப்பா" என்றாள் ரெங்கானிஸ். "தள்ளி நின்னு பார்த்தாத்தான் பயமா இருக்கும். பக்கத்துல வந்து உட்கார்ந்தா சரியாப் போயிரும்."

சொல்லிவிட்டு, அது எப்படி என்று காட்டுவதற்காக அவளே முதலில் போய் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள்.