மணக்காத புகை!

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. என் வாயில் மிச்சமிருக்கும் ஒரே கடைவாய்ப்பல்லின் மேல் ஆணை. சாந்தன்பாறை மலையில் அடிக்கும் காற்றின் மேல் ஆணை. ஆணையிட வேறு ஏதாவது பாக்கி இருந்தால் அதன் மேலும் ஆணை!

செல்போன் அலறியது.

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்த செல்லத்துரை, கிரீஸ் கையோடு எடுத்தான்.

"சொல்லு ஆனந்தி."

"மாமா..."

மனைவியின் குரல் நடுங்கியது.

"இன்னைக்கு ஏழாவது முத்திரை உடையுது மாமா. நான் கண்ணாடிக் கடலுக்குப் போறேன். நெருப்பு கலந்த கண்ணாடிக் கடல்..."

"என்னடி உளர்ற? எங்க இருக்க?"

"வலுசர்ப்பம் வாயத் தொறந்து நிக்குது. பிள்ளையக் காப்பாத்தணும். என்னைத் தேடாதீக!"

டொக்!

திரும்ப அழைத்தான். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி அழைத்தான். ஸ்விட்ச் ஆஃப்!

செல்லத்துரை ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே உருண்டான்.

ஆனந்திக்கு வயிறு தெரிகிற மாதம். இதற்கு முன் இரண்டு முறை வயிறு தெரிந்து, இரண்டு முறையும் வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள் அவர்கள். இது மூன்றாவது.

ஜீப்பில் சக்கரம் இல்லை. ஓடினான்.

போலீஸ் ஸ்டேஷனில் கிரேடு எஸ்.ஐ. பொங்கியண்ணன் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தார். கீழே சமவெளியில் வடகரப்பதி ஊர்க்காரர். தக்காளித் தோட்டத்தில் வளர்ந்தவரைக் கேரளா போலீஸ் இந்த மலையில் தூக்கிப் போட்டுவிட்டது. அறுவடைக் காலம். மலை முழுக்க ஏலக்காய் காய்கிறது. அந்த வாசம் மூக்கில் ஏறினாலே அவருக்குத் தலை பிளக்கும்!

"பாயாசத்துல ஒண்ணு போட்டா மணக்குமுங்க. ஒரு மலையவே பாயாசமாக்கி வெச்சா மனுசன் எப்புடீங்க மூச்சு உடறது?"

"சார்! என் பொண்டாட்டியக் காணோம் சார்!"

"சண்டைங்களா?"

"பிரசங்கம் பண்றானே ரிஜின் பிரதர், அவன்தான் கூட்டிட்டுப் போயிருக்கணும் சார். கண்ணாடிக் கடலுக்குப் போறேங்கிறா. ஏழாவது முத்திரைங்கிறா..."

பொங்கியண்ணன் துண்டைக் கொஞ்சம் இறக்கினார். கண்கள் சுருங்கின.

"ரிஜினுங்களா? செத்துப்போன யாக்கோபு பெரியவரோட சிஷ்யப்புள்ளதானுங்க?"

"அவனேதான்!"

இங்கே யாக்கோபைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மலைச்சரிவில் அவருக்கு ஒரு ஏலக்காய் ஸ்டோர் இருந்தது. பறித்த பச்சைக்காயை அறைக்குள் பரப்பி, கதவைச் சாத்தி, வெளியே அடுப்பை எரிப்பார்கள். சூடு இரும்புப் பைப் வழியாக அறைக்குள் சுற்றும். புகை காயைத் தொடாமல் அதே பைப்பில் கூரைக்கு மேலே போய்விடும். ஆனந்திக்கு அங்கே அடுப்பு பார்க்கிற வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாக்கோபு வேறொரு அடுப்பைப் பற்ற வைப்பார். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம்!

அதில் வருகிற எதுவும் வெளியே இல்லை, எல்லாம் உடம்புக்குள் என்பது அவர் கட்சி. ஏழு சபைகளா? முதுகுத்தண்டின் ஏழு முடிச்சுகள். நாலு குதிரைகளா? ஆசை, கோபம், பசி, மரண பயம். ஏழு தலை மிருகமா? "கண்ணாடியில பாத்துக்கோ" என்பார். ஏழாவது முத்திரை உடையும்போது வானத்தில் அரைமணி நேரம் அமைதி உண்டாகுமாம். மனசு வாயை மூடிக்கொள்ளும் நேரம் அது என்பார்.

அதைப் பழகுவதற்காக, காய் காயும் அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்து கதவைச் சாத்தி வெளியே கொண்டி போடச் சொல்வார். அரைமணி நேரம் கழித்து வியர்க்க வியர்க்க வெளியே வந்து பால் விடாத கட்டன்சாயா குடிப்பார்.

போன வாரம் வரவில்லை.

தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்... பிணமாக!

முகம் மட்டும் செம்பருத்திப் பூவாய்ச் சிவந்து ஜொலித்தது. வாசலில் நின்ற கூட்டம் முழங்காலில் விழுந்தது. மகிமை! மகிமை! பொங்கியண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். ஹார்ட் அட்டாக் என்று எழுதினார். போய்விட்டார்.

அவர் நாற்காலியில் ரிஜின் உட்கார்ந்தான். அவன் வியாக்கியானமே வேறு. எல்லாம் வெளியே இருக்கிறது! மிருகம் தெருவில் நடக்கிறது! ஆனந்தியின் வயிற்றைப் பார்த்து விரல் நீட்டினான். "வேதத்துல வர்ற கர்ப்பிணி, சூரியனை உடுத்தின ஸ்திரீ நீதான். முன்னே ரெண்டு பிள்ளையையும் தின்னது வலுசர்ப்பம். இது மூணாவது!"

"நீங்க மாரியம்மா கும்புடற ஆளுகதானுங்களே? அங்க எதுக்குங்க போனீங்க?" என்றார் பொங்கியண்ணன், ஸ்டேஷன் ஜீப்பைக் கிளப்பியபடி.

"வேலை செய்யுற எடத்துல பிரசங்கம் நடந்தா காதப் பொத்திக்கிட்டா சார் அடுப்பு எரிக்க முடியும்?"

"சரி, கண்ணாடிக் கடலுன்னா என்னங்க? இந்த மலையில கடலுக்கு எங்க போறது?"

செல்லத்துரை தலையில் அடித்துக்கொண்டான்.

"படுதாக்குளம்! எஸ்டேட்டு உச்சியில தார்ப்பாய் விரிச்சுத் தண்ணி தேக்கியிருக்காகல்ல! வெயில் பட்டா தீப்பிடிச்ச கண்ணாடி மாதிரி மின்னும் சார்!"

ஜீப் சீறியது.

குளம் வந்தது. செல்லத்துரை விளிம்பில் மண்டியிட்டுத் தண்ணீரைத் துழாவினான். மின்னியது. ஒரு தவளை குதித்தது. வேறு யாரும் இல்லை!

"ஆனந்தீ...!"

மலை அவன் குரலைத் திருப்பிக் கொடுத்தது. அவளைக் கொடுக்கவில்லை.

"சார்... அங்க பாருங்க!"

ஒரு மரம். பட்டையைச் செதுக்கிச் சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருந்தது.

666!

செல்லத்துரை மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மிருகத்தோட நம்பரு! அவன் வந்துட்டுப் போயிருக்கான் சார்! முடிஞ்சுது... எல்லாம் முடிஞ்சுது!"

பொங்கியண்ணன் மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஏனுங்க, இந்தப் பக்கத்து மரத்துல 665 போட்டிருக்குது. அந்தப் பக்கம் 667. மிருகத்துக்கு அக்கம்பக்கத்து ஊட்டுக்காரங்களா அவுங்க? ஃபாரஸ்ட்டுக்காரன் மரம் எண்ணுன நம்பருங்க. எந்திரிங்க!"

"இனி எங்க சார் போறது?"

"ஒவ்வொரு ஸ்டோரா பாப்பமுங்க. ஸ்டோர்தான் அவன் பழகுன எடம்."

"சீசன்ல எல்லா ஸ்டோர்லயும் புகையுது சார்! எத்தனைன்னு பாக்குறது? அதுக்குள்ள அவள..."

முடிக்க முடியவில்லை. ஒரு ஜீப் டிரைவர், மலையின் எல்லா வளைவும் தெரிந்தவன், முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டு அழுதான்.

ஜீப் இறங்கியது. வளைவுக்கு வளைவு புகை. வளைவுக்கு வளைவு வாசம். பொங்கியண்ணன் துண்டை இறுக்கினார். முனகினார். "அய்யோ அம்மா" என்றார். நெற்றியைக் குத்திக்கொண்டார்.

திடீரென்று...

க்ரீச்! பிரேக்!

"ஏனுங்க..."

"என்ன சார்?"

பொங்கியண்ணன் மெதுவாகத் துண்டை அவிழ்த்தார். மூச்சை நன்றாக இழுத்தார்.

"எனக்குத் தல நோவலீங்களே!"

"சார், நான் பொண்டாட்டியத் தொலைச்சுட்டு நிக்கேன்... நீங்க..."

"அட, இருங்க! அங்க கீழ பாருங்க. புகை வருது. இங்கதான் காத்து அடிக்குது. ஆனா வாசமே வல்லீங்களே!"

செல்லத்துரை எட்டிப் பார்த்தான். பனிமூட்டத்துக்கு நடுவே ஒரு கூரை. யாக்கோபின் ஸ்டோர்! பெரியவர் செத்ததிலிருந்து பூட்டிக் கிடந்த ஸ்டோர்! அங்கிருந்து புகை!

அவன் ஜீப்பிலிருந்து குதித்தான்.

"அடுப்பு எரியுது... உள்ள காய் இல்ல..."

"ஆமாங்க."

"அப்ப உள்ள காயுறது யாரு சார்?"

இருவரும் சரிவில் உருண்டார்கள். ஏலச்செடிகள் முகத்தில் அறைந்தன. பாதி வழியிலேயே சத்தம் கேட்டது.

தட்! தட்! தட்!

உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம்!

"ஆனந்தி! வந்துட்டேன்டி! பொறுத்துக்கோ!"

உள்ளேயிருந்து குரல் வெடித்தது.

"கதவு தொறக்கு! பைப்பு ஒடஞ்சிருக்கு! நான் செத்துப் போகும்!"

செல்லத்துரை உறைந்தான். ஆண் குரல்! மலையாளம் கலந்த தமிழ்!

"எனக்கு அறியும்! நான்தானே ஒடச்சது! புகை வரும்... அந்தக் கெழவன் மாதிரி நானும் போகும்... தொறக்கு!"

"இது... ரிஜின்!" என்றார் பொங்கியண்ணன்.

"அவனேதான் சார்" என்றது இன்னொரு குரல், பின்னாலிருந்து.

திரும்பினார்கள்.

அடுப்பின் வாயருகே, விறகுக் கட்டையின் மேல், வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி ஆனந்தி உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கையில் விறகு!

"இப்பத் தொறக்காதீக. இன்னொரு தடவை சொல்லட்டும். சாருக்குக் காதுல சரியா விழுந்துச்சான்னு கேளுங்க."

"விழுந்துச்சுங்க..." பொங்கியண்ணன் கதவை நோக்கி நகர்ந்தார். "அம்மணி, ஆளு செத்துருவானுங்க. கொலக்கேஸ் ஆயிப்போகும். புள்ளத்தாச்சி நீங்க!"

அவரே கொண்டியைத் தட்டினார். கதவு திறந்தது. ரிஜின் மூட்டை போல வெளியே விழுந்தான். புல்லைப் பற்றிக்கொண்டு மூச்சை மூச்சை இழுத்தான்.

"சாரே! இவள் என்னைக் கொல்லப் பார்த்து! கேஸ் எழுது சாரே!"

பொங்கியண்ணன் அறைக்குள் தலையை நீட்டினார். முகர்ந்தார். வெளியே வந்தார். ரிஜினின் சட்டையைப் பார்த்தார். வெள்ளை வெளேர்!

"உள்ள புகையே இல்லீங்களே. வெதுவெதுன்னு வெந்நி ரூமாட்ட இருக்குது. பைப்பு ஒடஞ்சதுன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?"



"நேத்தே எங்கிட்ட இருந்த சாவியால தொறந்து, பைப்புக்குத் தகரம் சுத்தி மண்ணு பூசிட்டேன் சார்" என்றாள் ஆனந்தி. "பெரியவர் செத்த அன்னைக்குக் காய் பூராவும் கருத்துப் போச்சு. புகை உள்ள போனாத்தான் கருக்கும். போய்ப் பாத்தேன். பைப்புல கம்பியால அடிச்ச தடம். ஸ்டேஷனுக்கு வந்து சொன்னேன். நீங்க மூக்கப் பொத்திக்கிட்டு, போம்மா, ஹார்ட் அட்டாக்னீக."

பொங்கியண்ணன் தரையைப் பார்த்தார்.

"வெசப்புகையில செத்தாலும் மூஞ்சி அப்புடித்தான் செவக்குமுங்க. ட்ரெய்னிங்ல சொன்னாங்க... மறந்து போச்சுங்க."

"அப்புறம் இவன்கிட்டயே கேட்டேன். ஏன் பிரதர் காய் கருத்துச்சுன்னு. மறுநாளே எனக்குச் சூரியனை உடுத்தி விட்டுட்டான்! இன்னைக்கு இங்க கூட்டிட்டு வந்து, பக்கத்துலயே நின்னு மாமாவுக்குப் போன் போட வச்சான். உள்ள போ, ஏழாவது முத்திரைன்னான். பயமா இருக்கு, முதல்ல நீங்க போய் ஒரு ஜெபம் சொல்லிட்டு வாங்கன்னேன். அடுப்புதான் பத்தலையே, தைரியமா போனான். கொண்டியப் போட்டேன். தீய வச்சேன்."

அவள் விறகைக் கீழே போட்டாள்.

"அடைச்சுப் போட்டா யாருன்னாலும் கத்துவாக. பைப்பு ஒடஞ்சிருக்குன்னு கத்துறதுக்கு, ஒடச்சவனாத்தான் இருக்கணும்."

செல்லத்துரைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"தேடாதீகன்னு சொன்னியேடி பாவி!"

"அவன் சொல்லச் சொன்னான். சரின்னு சொன்னேன். நீங்க என்னைக்கு நான் சொல்லிக் கேட்டிருக்கீக?"

சொல்லிவிட்டு அவள் உடைந்தாள்.  அவன் தோளில் முகத்தை வைத்து விம்மினாள்.

"அன்னைக்குப் பெரியவர் உள்ளேயிருந்து தட்டுனாரு மாமா. எல்லாருக்கும் கேட்டுச்சு. இவன், அது நாலாவது குதிரையோட குளம்புச் சத்தம், முழங்கால் போடுங்கன்னான். போட்டோம்! நானும் போட்டேன்! தொறந்திருந்தா பொழைச்சிருப்பாரு..."

"விடு ஆனந்தி..."

"வலுசர்ப்பம்னு சொன்னப்ப நானும் நம்பிட்டேன் மாமா. ரெண்டு பிள்ள ஏன் போச்சுன்னு எந்த டாக்டரும் சொல்லல. இவன் ஒருத்தன்தான் ஒரு காரணம் சொன்னான். நம்பத்தானே தோணும்?"

 செல்லத்துரை கிரீஸ் கையை அவள் வயிற்றில் வைத்தான். உள்ளே யாரோ ஓர் உதை விட்டார்கள். நல்ல உதை!

பொங்கியண்ணன் விலங்கை எடுத்தார்.

"எதுக்குங்க பெரியவரக் கொன்னீங்க?"

ரிஜினின் கண்களில் தீ எரிந்தது.

"மிருகம் வெளியே நிக்குது சாரே! அவர் அதை மனுஷனுக்கு உள்ளே தேடியது! கர்ப்பிணிகளைப் பயமுறுத்துறே, இனிக் கூட்டத்தில் பேசாதேன்னு என்னை எறக்கிவிடப் பார்த்து!"

"மனுசனுக்குள்ள தேடுனாருங்களா?" விலங்கு க்ளிக்கென்று பூட்டிக்கொண்டது. "தேடுன எடம் சரியாத்தானுங்க இருந்திருக்குது!"

"அப்ப அந்த ஹார்ட் அட்டாக் ரிப்போர்ட்டு என்ன சார் ஆகும்?" என்றான் செல்லத்துரை.

"அதுல தப்பில்லீங்க" என்றார் பொங்கியண்ணன். "அட்டாக் பண்ணுன ஆளோட பேர எழுதத்தான் உட்டுட்டனுங்க!"

அவ்வளவுதான் நடந்தது. சந்தேகம் உள்ளவர்கள் நேரில் போகலாம். யாக்கோபின் ஸ்டோர் அதே சரிவில்தான் இருக்கிறது. கட்டிய நாளிலிருந்து கரண்டில் ஓடுகிறது. அடுப்பும் கிடையாது, பைப்பும் கிடையாது! என் கடைவாய்ப்பல்லின் மேல் ஆணை!